தவணையைப் போல் ஒரு கணக்குப்பிள்ளை

திண்டுக்கல் சமவெளியில் சொன்னால் சொன்னபடி நடப்பது எது என்று யாராவது கேட்டால், பெண்கள் குழுவாகச் சேர்ந்து வாங்கும் குழு லோன் தவணையைத்தான் நான் காட்டுவேன். கோடையில் குழாய்த் தண்ணீர் எந்த நாள் வரும் என்று உறுதி சொல்ல ஆள் கிடையாது. நிலக்கோட்டைச் சந்தையில் நாளைக்கு மல்லிகை கிலோ என்ன விலைக்குப் போகும் என்று விடிகாலையில் பூப் பறிக்கிற பெண்ணுக்கும் தெரியாது, கமிஷன் கடைக்காரருக்கும் தெரியாது. ஒட்டன்சத்திரத்துக்குத் தக்காளிப் பெட்டி ஏற்றிப் போகிறவர், வண்டி வாடகையாவது தேறுமா என்று நினைத்துக்கொண்டேதான் போகிறார். தவணைக்கு அந்தத் தடுமாற்றமே இல்லை. செவ்வாய் ஒன்பதரை மணி என்றால் செவ்வாய் ஒன்பதரை மணி. மழை பெய்தாலும் வரும். தெருவில் இழவு விழுந்தாலும், பந்தலுக்குக் கொஞ்சம் தள்ளி வண்டியை நிறுத்திவிட்டு வரும்.

வீட்டு வரவுசெலவை மன உளைச்சல் இல்லாமல் நடத்துவது எப்படி என்று பத்திரிகைகள் வெகுகாலமாக எழுதிவருகின்றன. எல்லாவற்றிலும் சாரம் ஏறக்குறைய ஒன்றுதான். பணம் கைக்கு வந்ததும் முக்கியமானதை முதலில் எடுத்து வை. தேதி தவறாதே. வருவதையும் போவதையும் எழுதி வை. ஆசைக்கு வாங்குவதைத் தள்ளிப்போடு. இந்த நான்கையும் வேடசந்தூர் மில் வண்டியில் ஏறிப்போகிற பெண்ணிடம் எந்தப் பத்திரிகையும் சாதித்ததில்லை. தவணை சாதித்தது. கூலி கைக்கு வந்ததும் அவர் முதல் நோட்டுகளைத் தனியே மடித்து வைக்கிறார். அரிசிக்கு முன்பு, மருந்துக்கு முன்பு, பிள்ளையின் பள்ளி வேனுக்கு முன்பு. தன் பிறந்தநாள் தெரியாத கிழவிக்கும் தவணை நாள் தெரியும். ஆசைக்கு வாங்குவது அறவே நின்றுவிட்டது. இப்படி ஒரு கண்டிப்பான கணக்குப்பிள்ளை அந்தக் காலத்து ஜமீன்களுக்கும் வாய்த்திருக்க மாட்டார். அவர் கணக்கு எழுதுவது இந்த வீட்டில். விசுவாசம் வேறு வீட்டுக்கு.

அவர் எழுதும் கணக்கின் அழகையும் சொல்ல வேண்டும். நாகல் நகரிலோ பேகம்பூரிலோ சின்னாளபட்டியிலோ ஒரு வாடகை வீட்டுக்குள் போய்ப் பாருங்கள். பால் கணக்கு காலண்டரின் ஓரத்தில் பென்சிலில் கிறுக்கியிருக்கும். மளிகைப் பற்று கடைக்காரரின் நோட்டில் இருக்கும். யார் யாருக்கு மொய் திருப்பிச் செய்ய வேண்டும் என்பது அட்டை கிழிந்த ஒரு பழைய நோட்டில் இருக்கும். லோன் அட்டை மட்டும் பிளாஸ்டிக் உறையில், சாமி படத்துக்குப் பின்னால், மூலை மடங்காமல் இருக்கும். தவணைக்கு ஒரு கட்டம், கட்டத்துக்கு ஒரு கையெழுத்து. அந்த வீட்டில் இவ்வளவு திருத்தமான கணக்கு வேறு கிடையாது. அந்தப் பெண் இத்தனை ஆண்டுகளில் எவ்வளவு சம்பாதித்தார் என்று கேட்டால் காட்டுவதற்குச் சீட்டு இருக்காது. எவ்வளவு கட்டினார் என்பதற்குச் சான்று இருக்கிறது.

இனி நம்பிக்கை. இந்தப் பாராட்டில் நான் ஒரு சொல்லைக்கூடக் குறைக்க மாட்டேன். பட்டா இல்லாத, நகை இல்லாத, கையெழுத்துப் போடக் கூச்சப்படுகிற ஒரு பெண்ணை நம்பி 40,000 ரூபாயை யார் கொடுத்தார்கள்? உடன்பிறந்தவர்கள் கொடுக்கவில்லை. நகை இல்லாதவருக்கு அடகுக்கடையில் வேலை இல்லை. வங்கிக்குப் போனால் படிவத்தை நீட்டிவிட்டு ஜாமீனுக்கு யார் என்று கேட்பார்கள். குழு லோன் அவர் வாசலுக்கு வந்தது. 'அக்கா' என்று கூப்பிட்டது. அவர் பெயரையும், கணவரின் பெயரையும், இரண்டு ஆதார் அட்டைகளையும், வீட்டின் படம் ஒன்றையும் எடுத்துக்கொண்டது. பணம் அவர் கணக்கில் ஏறியது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பெரிய தொகைக்குத் தன் பெயர் போதும் என்று அந்தப் பெண் அன்றைக்குத் தெரிந்துகொண்டார். அந்தப் பெருமை உண்மையானது. அதை அவரிடமிருந்து யாரும் பறிக்க வேண்டாம்.

இந்த நம்பிக்கைக்கு ஒரு நல்ல பிறப்பிடமும் உண்டு. 1976இல் வங்கதேசத்தில் சிட்டகாங் அருகே ஜோப்ரா என்ற கிராமத்தில் முகமது யூனுஸ் என்ற பொருளாதாரப் பேராசிரியர், 42 பேருக்கு மொத்தமாக 27 டாலர் அளவுக்குத் தன் கைப்பணத்தைக் கடனாகக் கொடுத்தார். மூங்கிலில் முக்காலி பின்னுகிற பெண்கள், மூங்கில் வாங்கக் காசில்லாமல் வியாபாரியிடம் கடன்பட்டு, பின்னிய முக்காலியை அவர் சொன்ன விலைக்கே கொடுத்துவிட்டு நின்றார்கள். அந்தக் கடன் அவர்களை வியாபாரியிடமிருந்து விடுவித்தது. கிராமீன் வங்கி பிறந்தது. 2006இல் நோபல் அமைதிப் பரிசும் வந்தது. அங்கே கடன் மூங்கிலாயிற்று, மூங்கில் முக்காலியாயிற்று, முக்காலி விலைபோயிற்று. நம் சாணார்பட்டியிலும் வடமதுரையிலும் விண்ணப்பத்தில் கறவை மாடு, தையல் மெஷின், இட்லிக் கடை என்றே எழுதப்படுகிறது. பல வீடுகளில் அந்த மாடு மகளின் கல்லூரிக் கட்டணமாகப் போயிற்று, மாமியாரின் ஆஸ்பத்திரிச் செலவாகப் போயிற்று, காதுகுத்துப் பந்தலாகப் போயிற்று. பால் கறக்காத மாட்டுக்கும் தவணை உண்டு. எழுதியவருக்கும் தெரியும், எழுதச் சொன்னவருக்கும் தெரியும். இருவரும் ஒருவரையொருவர் காட்டிக்கொடுக்காத அந்த ஒற்றுமையையும் சேர்த்துப் பாராட்டுகிறேன்.

ரிசர்வ் வங்கியின் பெருந்தன்மைக்கு வருகிறேன். 2022 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள அதன் விதிப்படி, ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பத்துக்கு ஈடில்லாமல் தருவது நுண்கடன்; நம் குழு லோனும் அதுதான். அந்தக் குடும்பம் எல்லாக் கடனுக்குமாகச் சேர்த்து மாதம் திருப்பிக் கட்டுவது அதன் மாத வருமானத்தில் 50 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. ஏழையைக் காக்க ஒரு வரம்பு வேண்டும் என்று யோசித்தார்கள், வரம்பு போட்டார்கள். வரம்பே இல்லாத காலத்தை நினைத்தால் இது நல்லதுதான். 2010இல் ஆந்திரத்தில் கடன்மேல் கடன் ஏறி, வசூல் நெருக்கடியில் உயிர்கள் போய், மாநில அரசு அவசரச் சட்டம் போட்டதை யாரும் மறந்துவிடவில்லை. அதற்குப் பின் நுண்கடன் நிறுவனங்களின் வட்டிக்கு ஒரு உச்சவரம்பும் இருந்தது. 2022இல் வருமானத்தில் பாதி என்ற வரம்பு வந்தபோது வட்டி வரம்பு விடைபெற்றது. வட்டி எவ்வளவு என்று முடிவு செய்யும் பொறுப்பு நிறுவனங்களின் மனசாட்சியிடம் ஒப்படைக்கப்பட்டது.

பாதி என்ற இந்த அளவை இன்னொரு இடத்திலும் பார்க்கலாம். அமெரிக்காவில் எலிசபெத் வாரன் தன் மகளோடு சேர்ந்து எழுதி 2005இல் வந்த புத்தகம் ஒரு பங்கீட்டைப் பரப்பியது. வருமானத்தில் 50 பங்கு தேவைக்கு, 30 விருப்பத்துக்கு, 20 சேமிப்புக்கும் கடனுக்கும். இன்றைக்கு நம் ஊர் வீடியோக்களும் இதையே ஒப்பிக்கின்றன. அந்தப் பங்கீட்டில் வாடகை, அரிசி, மருந்து, பஸ், கரண்ட் எல்லாம் சேர்ந்தது ஒரு பாதி. நம் விதியில் தவணை மட்டுமே ஒரு பாதி வரை போகலாம். புத்தகம் சொல்லும் பாதியும் விதி அனுமதிக்கும் பாதியும் ஒரே சம்பளத்தில் வந்து நின்றால், சேமிப்புக்கோ ஒரு புதுச் சேலைக்கோ மிச்சம் ஒன்றுமில்லை. கணக்கு துல்லியமாகப் பொருந்துகிறது. குடும்பம்தான் பொருந்தவில்லை.

ஒரு வீட்டை வைத்துப் பார்ப்போம். வீட்டுப் பெண் மில்லுக்குப் போகிறார், அவர் கணவர் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலை ஒழுங்காகக் கிடைத்த மாதத்தில் இருவருக்குமாக 18,000 ரூபாய். இரண்டு குழு லோன்கள், ஒவ்வொன்றும் 40,000. ஆண்டுக்கு 24 விழுக்காடு, குறையும் நிலுவைக்கு வட்டி, 24 மாதம் என்றால் ஒரு கடனுக்கு மாதம் 2,115 ரூபாய் வரும். இரண்டுக்கும் 4,230. இது போக, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த வாரத்தில் தெருமுனைத் தண்டல்காரரிடம் வாங்கியதற்குத் தினம் 100 ரூபாய், மாதத்துக்கு 3,000. ஆக 7,230. பாதி என்பது 9,000. அதனால் விதிப்படி இந்த வீடு பத்திரமாக இருக்கிறது. இன்னும் 1,770 ரூபாய்க்குத் தவணை ஏற்ற இடம்கூட உண்டு. தண்டல்காரரின் கடன் எந்தக் கிரெடிட் பீரோவிலும் தெரியாது என்பதால், நிறுவனத்தின் கண்ணுக்கு இடம் இன்னும் தாராளம்.

மீதி 10,770. வீட்டு வாடகை 4,000, சிலிண்டர் 900 அளவில். மிஞ்சுவது 5,870. முப்பது நாளைக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 195 ரூபாய் சொச்சம். நான்கு பேருக்குக் காய், எண்ணெய், பால், டீ, சோப்பு, பள்ளிச் செலவு, மாத்திரை, செல்போன் ரீசார்ஜ் எல்லாம் அதற்குள். ரேஷன் அரிசி இலவசம், டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, 2023 செப்டம்பர் முதல் தகுதியுள்ள பெண்களுக்கு உரிமைத்தொகை மாதம் 1,000 ரூபாய். இவை இல்லாவிட்டால் அந்த 195க்கு என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அரசு ஒரு கையால் கொடுப்பதைத் தவணை இன்னொரு கையால் வாங்கிக்கொள்கிறது. இருவருக்கும் இடையில் அந்தப் பெண் ஒரு நாணயமான தபால்காரராக இருக்கிறார். இந்த வீட்டுக்கு வந்து, காபியைக் குறைத்தால் மாதம் இவ்வளவு மிச்சமாகும் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

வட்டியைச் சொல்வதில் கடன் நிறுவனங்களுக்கு இருக்கும் கனிவும் குறிப்பிடத்தக்கது. மேலே சொன்ன 40,000 ரூபாய்க் கடனுக்கு 24 மாதத்தில் கட்டுவது 50,760. வட்டி 10,760. இரண்டு வருஷத்துக்கு 10,760 என்றால் வருஷத்துக்குப் பதின்மூன்றரை விழுக்காடுதானே என்று கூட்டத்தில் ஒரு பெண் கணக்குப் போட்டால், யாரும் அவரைத் திருத்தி மனதைப் புண்படுத்துவதில்லை. 40,000 முழுவதும் இரண்டு வருஷம் அவர் கையில் இருக்கவில்லை, ஒவ்வொரு தவணையிலும் அசல் குறைந்துகொண்டே போயிற்று, குறைந்த அசலுக்குப் பார்த்தால் அது 24 விழுக்காடு என்பதை அறிந்தால் அன்றைக்கு அவருக்குத் தூக்கம் கெடும். தெரியாதவர் நிம்மதியாகக் கட்டுகிறார்.

தண்டல்காரர் இதில் இன்னும் ஒரு படி மேல். படிவம் இல்லை, ஆதார் இல்லை, காத்திருப்பு இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் நின்று போன் போட்டால் கால் மணி நேரத்தில் பணம் வரும். 10,000 கேட்டால் 8,500 கையில் கொடுப்பார். மீதி 1,500 வட்டியாக முன்கூட்டியே பிடித்தாயிற்று. பிறகு நாளைக்கு 100 வீதம் நூறு நாள். கேட்பதற்கு நூறு ரூபாய்தான், ஒரு வேளைக் காய்கறிக் காசு. ஆண்டுக் கணக்கில் பார்த்தால் இது 120 விழுக்காட்டு வட்டி. மாநிலத்தில் 2003 முதல் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. 2017 அக்டோபரில் கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்திலேயே ஒரு குடும்பம் சின்னக் குழந்தைகளோடு தீயில் வெந்துபோனது. கட்டாய வசூலைத் தடுக்க 2025இல் சட்டப்பேரவை இன்னொரு சட்டமும் நிறைவேற்றியது. சட்டங்களின் நிதானத்துக்கும் தண்டல்காரரின் வேகத்துக்கும் நடுவில் ஆஸ்பத்திரி வாசலில் நிற்பவர், வேகத்தைத்தான் நம்புகிறார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

தோழமையையும் இந்தக் கடன் வளர்த்தது. ஐந்து பேர், பத்துப் பேர் சேர்ந்து ஒரு குழு, ஒருவருக்கொருவர் பொறுப்பு. பக்கத்து வீட்டில் இன்று அடுப்பெரிந்ததா என்று முன்பு யாரும் அவ்வளவு அக்கறையாகப் பார்த்ததில்லை. இப்போது பார்க்கிறார்கள். அவர் வேலைக்குப் போனாரா, கணவர் குடித்துவிட்டு வந்தாரா, மகள் வீட்டுக்குப் போகப் பை கட்டுகிறாரா, செவ்வாய்க்குள் திரும்பிவிடுவாரா. ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் போட்டுக் கட்ட வேண்டும். கட்டி முடிகிறவரை யாரும் எழுந்து போக முடியாது. ஈடு வேண்டாம் என்று சொன்னார்கள் அல்லவா? அது உண்மைதான். அந்தப் பெண் இருபது வருஷமாக அந்தத் தெருவில் சேர்த்து வைத்திருந்த நல்ல பெயர்தான் ஈடாக இருந்தது. அடகுக்கடையில் வைத்த நகை மூழ்கினால் நகையோடு போகும். இது மூழ்கினால், குழம்புக்குப் புளி கேட்கக்கூடப் பக்கத்து வீட்டுப் படி ஏற முடியாது.

வசூலுக்கு வரும் தம்பியைப் பற்றியும் நல்லதாகவே சொல்ல வேண்டும். பெரும்பாலும் இதே மண்ணின் பிள்ளை, ஒரு டிகிரி வாங்கியவன். காலையில் கிளம்பி பைக்கில் நத்தம் பக்கமும் வத்தலக்குண்டு பக்கமும் ஊர் ஊராகச் சுற்றுகிறான். சொந்த அம்மாவும் ஒரு குழுவில் இருக்கலாம். ஒரு குழுவில் பணம் குறைந்தால் மேலதிகாரியின் போன் அவனுக்குத்தான் வரும். அவன் திண்ணையில் உட்கார்ந்து நகராமல் இருப்பது கல்நெஞ்சால் இல்லை, குறைவோடு போனால் அவனுக்கு அலுவலகத்தில் உட்கார இடமில்லை என்பதால். அழுத்தத்தை யாரும் கீழே விழவிடாமல் கைமாற்றிக் கைமாற்றிக் கடைசியில் அந்தப் பெண்ணின் நெஞ்சில் இறக்கி வைக்கும் இந்த அமைப்பின் ஒழுங்கு, பெரிய பெரிய ஆலைகளிலும் காணக் கிடைக்காது.

உழைப்பில் வட்டியை மிஞ்ச ஆள் இல்லை. 2020இல் ஊரடங்கு வந்தபோது மில் நின்றது, பூச்சந்தை நின்றது, தோல் ஷாப்புகள் நின்றன, பூட்டுப் பட்டறையில் அரம் தேய்க்கும் சத்தம் நின்றது. ரிசர்வ் வங்கி மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ஆறு மாதம் தவணையைத் தள்ளிவைக்கலாம் என்று சொன்னது. தவணை ஓய்வெடுத்தது. வட்டி ஒரு நாளும் விடுப்பு எடுக்கவில்லை. ஓய்வு முடிந்து தவணை திரும்பி வந்தபோது முன்னைவிடக் கனமாக இருந்தது.

எல்லாவற்றிலும் பெரியது அதன் ஈகை. கடைசிக் கட்டங்கள் நிரம்பப் போகும் நேரத்தில், அல்லது பாதி நிரம்பியதுமே, "ஒழுங்கா கட்டியிருக்கீங்கக்கா, அடுத்த லோன் அறுபதாயிரம் வரைக்கும் கிடைக்கும்" என்று சேதி வந்துவிடும். பழைய நிலுவையைப் புதுக் கடனில் கழித்துக்கொள்வார்கள். ஒழுங்காகக் கட்டியவருக்குப் பரிசு இன்னும் பெரிய கடன். இந்த இடத்தில் ஒரு கணக்கைச் சொல்லியே ஆக வேண்டும். மாதம் 2,115 ரூபாய் வீதம் 24 மாதம் கட்டி முடித்தவர் 50,760 ரூபாயைத் தன் 18,000 ரூபாய்க் குடும்பத்திலிருந்து எடுத்துத் தள்ளியிருக்கிறார். ஒரு மாதம் தவறாமல். ஏழைகளுக்குச் சேமிக்கத் தெரியாது, இந்தப் பெண்களுக்குப் பண ஒழுக்கம் இல்லை என்று பேசுகிறவர்கள் அந்த அட்டையை ஒருமுறை வாங்கிப் பார்க்கட்டும். கடுகு டப்பாவில் சிறுவாடு சேர்த்த பாட்டிகளின் பேத்திகள் இவர்கள். தவணை அவர்களுக்குப் புதிதாக எதையும் கற்றுக்கொடுக்கவில்லை; அவர்களிடம் இருந்ததைக் கண்டுபிடித்தது, பிறகு தன் பெயரில் எழுதிக்கொண்டது. அதே தொகை அஞ்சலகத்தில் தொடர் வைப்பாக அவர் பெயரில் ஏறியிருந்தால் வட்டி சேராமலே 50,760 அவருடையது. அங்கே மாதம் 100 ரூபாயிலும் தொடங்கலாம். ஆனால் அஞ்சலகம் செவ்வாய் ஒன்பதரைக்கு வாசலுக்கு வந்து "அக்கா" என்று கூப்பிடுவதில்லை. கடைசிக் கட்டம் நிரம்பிய மறுமாதம், புதுப் படிவம் வருவதற்குள், அந்த 2,115இல் ஐந்நூறாவது அவர் பெயரில் ஓர் இடத்தில் விழுந்தாக வேண்டும். அந்தச் சின்ன இடைவெளியைக்கூட விட்டுவைக்காத சுறுசுறுப்புதான் ஈகை என்ற பெயரில் வருகிறது.

வங்கிகளின் நிதானத்தைப் பாராட்டாமல் விட்டால் ஓரவஞ்சனை ஆகிவிடும். ஊரகப் பெண்கள் சுயஉதவிக் குழுக்களுக்கு, தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தின் கீழ் 3 லட்சம் ரூபாய் வரை 7 விழுக்காட்டில் கடன் உண்டு. இருபத்து நான்குக்கு எதிரே ஏழு. காந்திகிராமத்தில் டாக்டர் சௌந்தரம் 1947இலேயே பெண்ணின் கையில் தொழிலும் காசும் இருக்க வேண்டும் என்று வேலை தொடங்கிய மாவட்டம் இது. குழு கட்டத் தெரியாத ஊர் இல்லை. இருந்தும் குழு தொடங்கி, தீர்மானம் எழுதி, ஆறு மாதம் சேமித்துக் காட்டி, தரம் பார்த்து, மேலாளர் மாறி, புது மேலாளர் மறுபடி பார்த்து, பணம் வருவதற்குள் கல்லூரிக் கட்டணத்தின் கடைசித் தேதி போய்விடுகிறது. ஏழு விழுக்காட்டுக் கடன் யோசித்துக்கொண்டே இருந்தது. இருபத்து நான்கு விழுக்காட்டுக் கடன் வந்துவிட்டது. கூலி கொடுப்பவர்களும் இதே நிதானக்காரர்கள்தான். வேலை இல்லாத நாளுக்குக் கூலி இல்லை என்பதில் அவர்கள் உறுதியாக இருக்கிறார்கள். வருகிற பக்கம் எதுவும் உறுதியில்லை, போகிற பக்கம் எல்லாமே உறுதி என்று ஒரு வீட்டை நிறுத்திவிட்டு, அந்த வீட்டுப் பெண்ணிடம் பட்ஜெட் போடு, பதற்றப்படாதே என்று சொல்கிறோம். அவர் இரவு இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டு செவ்வாய்க்கு எவ்வளவு குறைகிறது என்று விரல் மடக்குகிறாரே, அதுதான் இந்த ஊரில் நடக்கும் மிக நுணுக்கமான பட்ஜெட் வேலை. அந்தத் தூக்கத்தை அவருக்குத் திருப்பிக் கொடுக்க வழி சொல்லாத எந்த அறிவுரையும் எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை.

கடைசியாகத் தவணையின் அடக்கம். தன்னைப் பற்றி அது அதிகம் பேசுவதில்லை. அதே 2022 விதியில், காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்குக் கூப்பிடக் கூடாது என்று இருக்கிறது. உறவினரை, நண்பரை, கூட வேலை பார்ப்பவரைத் தொந்தரவு செய்யக் கூடாது, மிரட்டும் பேச்சோ வசைச் சொல்லோ கூடாது என்று இருக்கிறது. குறித்த இடத்துக்கு இரண்டு முறையோ அதற்கு மேலோ தொடர்ந்து வராமல் போனால்தான் வீட்டு வாசலுக்கோ வேலை செய்யும் இடத்துக்கோ வரலாம். ஆண்டு வட்டி உட்பட மொத்தச் செலவும் எவ்வளவு என்று ஒரு தகவல் தாளில், கடன் வாங்குகிறவருக்குப் புரியும் மொழியில் கொடுக்க வேண்டும். முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. இவற்றில் எதையும் அது கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லி நான் கேட்டதில்லை. நல்ல குணங்களைத் தானே சொல்லிக்கொள்வது அழகில்லை என்று இருக்கிறது போலும்.

ஆகவே நாம்தான் கேட்க வேண்டியிருக்கிறது. அந்த 40,000 ரூபாய்க் கடனில் பன்னிரண்டாவது தவணை கட்டிய அன்று நிலுவை 22,365 ரூபாய். தொடர்ந்து கட்டினால் இன்னும் 25,380 போகும். அன்றே அடைத்தால் 3,015 மிச்சம். குழுவின் உள்கடனிலோ, சுயஉதவிக் குழுவின் ஏழு விழுக்காட்டிலோ, வேலை மிகுந்த பருவத்தில் வந்த கூடுதல் கூலியிலோ அந்தத் தொகை புரண்டால் இரண்டில் ஒரு தவணையாவது குறையும். கூலியிலேயே அடைத்துவிட்டால் நாளுக்கு 195 என்பது 266 ஆகும். தொகை இப்போதைக்குப் புரளாவிட்டாலும் கேட்டு வைப்பதில் நஷ்டமில்லை. வருகிற செவ்வாய்க்கிழமை, அட்டையில் கையெழுத்துப் போட்டு முடித்ததும், "தம்பி, இன்னைக்கே முழுசா அடைச்சா எவ்வளவு ஆகும், அதை இந்த அட்டையிலயே எழுதிக் குடுப்பா" என்று குழுவில் ஒருவர் கேட்கட்டும். மற்ற நான்கு பேரும் காதால் கேட்கும்படி கேட்கட்டும். அந்தத் தம்பி அதைச் சொல்லியாக வேண்டும்.